டீசலில் கழுவிய பிராசஸர்

கல்மண்டபத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு அவர் வந்தது, புயல் ஓய்ந்த வாரத்தில். விசைப்படகு ஓட்டுபவர். இன்ஜின் இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். உள்ளங்கையில், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பிராசஸர் இருந்தது. டீசல் வாடை அடித்தது.

"வூட்டுக்குள்ள கடல் தண்ணி பூந்துச்சி நைனா. நல்ல தண்ணில அலசி, டீசல் போட்டுத் தேச்சேன். இன்ஜினுக்கு அப்டித்தான செய்வோம்?"

தேய்த்ததில் அதன் அடியிலுள்ள முடி போன்ற கம்பிகள் எல்லாம் சாய்ந்து கிடந்தன.

"வேற போட்டுக்கலாம்ணே" என்றேன்.

"எம்பொண்ணு தன் கையால மாட்டுனது. வேலைக்குனு கனடா பூட்ச்சி. இதுக்கே உசுரு குடுத்துடு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மதியம் முழுக்க பிளேடு முனையால் கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். வேறொரு போர்டில் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிராசஸர் செத்துப்போனாலும் விசிறி மட்டும் சுற்றும்.

"அண்ணே, இது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் உதட்டில் விரல் வைத்தார். அந்தத் தொண்டையில் இவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"மெதுவா பேசு நைனா. வூட்டுல இந்தச் சத்தம் வந்தா எம்பொண்ணு படிச்சிகினு கீதுன்னு அர்த்தம்."

அவர் எழுந்து போகும்வரை நான் ஸ்விட்சில் கை வைக்கவில்லை.