விதைநெல்லுக்கு நடுவே ஒரு இத்தாலிக்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் தங்கை கலாவின் கல்யாணம் ஒரு ஒயின் பாட்டிலில் வந்து நின்றது.

பாட்டிலை வைத்தவன் நான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் ரைஸ் மில்லில் மெஷின் பார்ப்பவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். போன தை மாதம், எங்கள் மில்லுக்கு நெல் காய வைக்கும் புது டிரையர் பொருத்த இத்தாலியிலிருந்து மார்கோ என்றொரு இன்ஜினியர் வந்திருந்தார். மூன்று வாரம் இருந்தார். ஹோட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் கேரியரில் அம்மா அவருக்கும் சேர்த்து ரசம் சாதம் வைத்து அனுப்பினார்.

அவருடைய ஊரும் நெல் ஊர்தானாம். இத்தாலியில் நெல்லா? எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்! வயல் முடிகிற இடத்தில் மலைச்சரிவு தொடங்குமாம். அங்கே அவர் மனைவி வீட்டாரின் திராட்சைத் தோட்டம். மாமனார், இரண்டு மச்சினர்கள், அவர்களுடைய பிள்ளைகள்... குடும்பமே பறித்து, குடும்பமே பிழிந்து, பெரிய மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் வைத்திருந்து பாட்டிலில் அடைக்கிறது. ஒவ்வொரு லேபிளிலும் மாமனாரின் கையெழுத்து.

ஊருக்குக் கிளம்பிய அன்று அதில் ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தார். சட்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தார்.

நான் குடிப்பதில்லை என்றேன்.

இப்போது யார் குடிக்கச் சொன்னது, பத்து வருஷம் கழித்துக் குடி என்றார்.

இன்றைக்குத் திறந்தால் கொட்டைப்பாக்கை மென்ற மாதிரி துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளுமாம். இருட்டில், குளிர்ச்சியில், ஆட்டாமல் படுக்க வைத்தால் துவர்ப்பு மெல்ல அடங்குமாம். ரோஜா வாசனை எழும்புமாம். சிவப்பு நிறம் பழைய செங்கல் நிறத்துக்கு இறங்குமாம். ஒரு குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

சரி... இதை எங்கே வைப்பது?

இங்கேதான் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குத்தகை நிலத்தில் பாடுபட்டு என்னையும் கலாவையும் படிக்க வைத்தவர். குடித்தவர். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் டிப்ளமோ பாஸ் செய்த அன்று, சேதி சொல்ல அவரை எந்த இடத்தில் போய்த் தேடினேன் என்பதை எழுத மாட்டேன். அவர் குடியை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. அந்த வீட்டுக்குள் ஒரு பாட்டிலா?

தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அதுவும் ஒரு விவசாயக் குடும்பத்தின் விளைச்சல் இல்லையா? மனசு வரவில்லை.

எங்கள் வீட்டில் ஜன்னலே இல்லாத குளிர்ந்த இடம் விதைநெல் மூட்டை அடுக்கும் அறை. மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோரம் படுக்க வைத்தேன். ‘படுத்தபடியே இருக்கட்டும். ஆட்டக் கூடாது. பத்து வருஷம் திறக்கக் கூடாது’ என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அப்புறம் யாருக்காக எழுதினேன்? படித்தவன் புத்தி — எதையும் எழுதி ஒட்டினால்தான் நிம்மதி!

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆடி பிறப்பதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளையின் அம்மா பேராவூரணிப் பக்கம் ஸ்கூல் டீச்சர். கணவரைக் குடியில் பறிகொடுத்தவர். “குடிக்கிற வீட்டுல சம்பந்தம் வேணாம்” என்பது அவர் போட்ட ஒரே கண்டிஷன். அப்பா விட்டு நான்கு வருஷம் ஆனதை முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தோம். கலாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். காபி குடிப்பது கணக்கில் வராது. இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால் முடிந்தது, பேச்சு உறுதி. அம்மா விடியற்காலையிலேயே சமைத்து முடித்து, வாழை இலைகளைக் கழுவித் தயாராக வைத்திருந்தார்.

தாய்மாமன் திருப்பனந்தாள் பக்கத்து விவசாயி. காபி டம்ளரைக் கீழே வைத்ததும் அப்பாவிடம் கேட்டார்.

“இந்த சம்பாவுக்கு என்னண்ணே விதை வெச்சிருக்கீங்க?”

“தூயமல்லி.”

“அட! எங்க பக்கம் கலப்பில்லாம கெடைக்கவே மாட்டேங்குது. ஒரு கை காட்டுங்களேன்.”

டெல்டாவில் ஒரு விவசாயி இன்னொரு விவசாயி வீட்டுக்குப் போனால் விதையைப் பார்க்காமல் திரும்ப மாட்டார். இது எப்படி எனக்கு மறந்தது?

“நீங்க உக்காருங்க மாமா, நான் அள்ளிட்டு வரேன்.”

“நீ மில்லுக்காரன் தம்பி. ஒனக்கு அரிசி தெரியும், விதை தெரியுமா?” என்று எழுந்துவிட்டார்.

அறை, கூடத்தை ஒட்டித்தான். உள்ளே பேசுவது எல்லோருக்கும் கேட்கும். அப்பா ஒரு மூட்டையை அவிழ்த்தார். மாமன் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். ‘டக்’கென்று சத்தம். “நல்லாக் காஞ்சிருக்கு. பின்னாடி உள்ளதும் இதானா?” என்று சுவரோரம் கையை நீட்டினார்.

அப்பா சொன்னார்: “அந்த இடுக்குல கைய விடாதீங்க. பாட்டில் படுத்துக் கெடக்கு. ஆட்டக் கூடாது.”

வாசப்படி இடிக்கும், குனிந்து வாருங்கள் என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக!

மாமன் அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். “என்னண்ணே இது... தூயமல்லிக்கு ஊடுபயிரா?”

யாரும் சிரிக்கவில்லை. டீச்சரின் முகம் இறுகியது. கதவோரம் நின்ற கலா என்னைப் பார்த்தாள்.

“டீச்சர், அது என்னுது,” என்றேன். “அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது.”

“தெரியாதா? அவருதான தம்பி இப்ப எடத்தைச் சொன்னாரு?” என்றார் மாமன்.

காப்பாற்றப் போய் அப்பாவையும் பொய்யர் ஆக்கிவிட்டேன். மார்கோ கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன். டீச்சர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

“எப்பலேந்து தெரியும் ஒங்களுக்கு?”

“பங்குனிலேந்துங்க. விதைய வெயில்ல போட மூட்டைய நகத்துனேன், கண்ணுல பட்டுச்சு. சீட்டு ஒட்டிருந்துச்சு. நம்ம கலாப் பாப்பாவப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.”

“தொறக்கல?”

“பத்து வருசம் தொறக்கக் கூடாதுன்னு எழுதிருக்கானேங்க.”

டீச்சர் பாட்டிலை வாங்கினார். விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி சீட்டைப் படித்தார். மூடியின் முத்திரையை நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரரும் விட்டுட்டேன்னுதான் சொன்னாரு. மூணு தடவ.”

“நானும் மூணு தடவ விட்டுட்டு மறுபடி தொட்டவன்தாங்க,” என்றார் அப்பா. “இது நாலாவது. நாளைக்கு எப்படின்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இன்னிக்கு வரைக்கும் பண்ணுவேன்.”

ஏன் அப்பா, ஏன்? ‘இனிமேல் தொடவே மாட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பெண்ணைப் பெற்றவர் பேசுகிற பேச்சா இது? உள்ளே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அப்போது கலா பேசினாள். “பங்குனிலேந்து அப்பா அந்த ரூமுக்குத் தனியா போறதில்லீங்க. என்னைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் போவாரு. நான் வேலைக்குப் போயிருந்தா, வர்ற வரைக்கும் வெளியவே உக்காந்திருப்பாரு.”

இது எனக்கே புதுச் செய்தி.

டீச்சர் எழுந்தார். மாப்பிள்ளையும் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன்.

டீச்சர் பாட்டிலைத் தன் தம்பியான மாமனிடம் நீட்டினார். “கழுத்தப் புடிச்சா தொங்க விடுவ? போய் இருந்த எடத்துலயே படுக்க வெச்சுட்டு வா.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “கை கழுவத் தண்ணி எங்கம்மா இருக்கு?” என்றார்.

அம்மா இலைகளை எடுக்கத் திரும்பினார். கலாதான் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

யோசித்துப் பார்க்கிறேன். புது நெல்லைக் குத்தினால் சோறு குழையும். வருஷம் ஏறினால்தான் உதிரி உதிரியாக வரும் என்று மில்லில் தினமும் சொல்கிறவன் நான். புளியைப் பழசாக்கி வைக்கிறோம், ஊறுகாயை ஊற விடுகிறோம். யாரோ ஒரு இத்தாலிக்காரரின் பாட்டிலுக்குப் பத்து வருஷம் கொடுக்கிறேன். அப்பாவின் நான்கு வருஷத்தை மட்டும் நம்பாமல் அந்தப் பாட்டிலைச் சுவரோரம் ஒளித்து வைத்தேன்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கேட்டேன். “தெரியும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லப்பா?”

“சொல்லிருப்பேன்,” என்றார். “நீ தலை குனிஞ்சுக்குவியேன்னுதான் விட்டுட்டேன்.”