மாம்பழம் பழுக்கப் போட்ட அறை

என்னைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து வந்தவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். நகைநட்டு பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. "பொண்ணு வூட்ல கக்கூஸ் இருக்கணும்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் வேலை, கம்பெனி குவார்ட்டர்ஸில் குடித்தனம். தலைதீபாவளிக்கு வருகிற மகன் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவதை அவருடைய அம்மா விரும்பவில்லை.

"அதுக்கென்ன, சிமெண்ட் போட்டுக் கட்டினதே இருக்குதுன்னு சொல்லு" என்றார் அப்பா. பொய்யில்லை. பஞ்சாயத்து அதிகாரி நச்சரித்ததால், எண்பதுகளின் நடுவில், வேப்பனப்பள்ளிப் பக்கத்து எங்கள் ஊரில் முதல் ஆளாக அவர் கொல்லைப்புறத்தில் ஒன்று கட்டியிருந்தார். தளம், கதவு, தாழ்ப்பாள், வெள்ளைப் பீங்கான் எல்லாம் உண்டு. ஆனால் ஒருத்தரும் அதற்குள் போனதில்லை. சோறு தின்கிற வீட்டோடு அதையும் ஒட்டி வைத்துக்கொள்வதா என்று அம்மாவுக்கு அருவருப்பு. அப்பாவுக்குக் காலாற நடந்து போய்வந்தால்தான் சரிப்படும். எலி புகாத ஒரே அறை அதுதான் என்பதால், பீங்கான்மேல் சாக்கை விரித்து, வைக்கோல் பரப்பி, மாங்காய் பழுக்கப் போடுவோம்.

எனக்கு ஆத்திரமாக வரும். பத்தாவது வரை படித்தவள் நான். சிந்துவெளியில் வீட்டுக்கு வீடு குளியலறை, தெருவுக்குத் தெரு மூடிய சாக்கடை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எழுதிவிட்டு, மறுநாள் விடியுமுன் அதே ஏரிக்கரைப் புதருக்குப் போய், சைக்கிள் வெளிச்சம் தெரிந்தால் பதறி எழுந்து நிற்பேன். நெருப்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, சக்கரம் வந்துவிட்டது, கிணற்றுக்குக் கரண்ட் மோட்டாரும் வந்துவிட்டது. எந்தக் காலத்திலோ யாரோ கண்டுபிடித்த இது மட்டும் கொல்லைப்புறம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அவர்கள் வருகிற வாரம் அம்மா அந்த அறையின் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கதவில் மஞ்சள் குங்குமம்கூட வைத்தாள். இருக்கிறதா என்றுதானே கேட்டார்கள். தூரத்திலிருந்து காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தோம். அவர்களில் யாருக்காவது அவசரம் வரும் என்று, படித்த எனக்குக்கூடத் தோன்றவில்லை.

அம்மா செந்தூரா மாம்பழம் நறுக்கி வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ரசித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டு வாங்கினார். "ஓசூர்ல கல்லு வச்சுப் பழுக்க வைக்கிறாங்க. இந்த ருசி எங்க வரும்?" என்றார். மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த இடமே அமையட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கிளம்பும் நேரம் அந்த அம்மாள் என் பக்கம் குனிந்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ட்டு வரணும்மா" என்றார்.

"தண்ணி ரொப்பலீங்களே" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"ஒரு பக்கெட் போதும். பொண்ணு எடுத்துனு வரட்டும்."

வேறு வழியில்லாமல் பக்கெட்டோடு பின்னால் போனேன். அவரே தாழ்ப்பாளைத் தள்ளினார். உள்ளே முழங்கால் உயரத்துக்கு வைக்கோலும் மாம்பழமும். வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது.

அவர் பழங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையால் உதட்டைத் துடைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இது கக்கூஸ்தான் என்றால் அவர் தின்ற பழம் அசிங்கம். பழம் சுத்தம் என்றால் எங்கள் வீட்டில் கக்கூஸே இல்லை. எதைச் சொன்னாலும் மானம் போகும்.

"சுத்தமான எடமுங்க. இதுக்குள்ள யாரும் ஒரு நாளும் போனதில்லீங்க" என்றேன்.

"அப்ப நீங்கெல்லாம் எங்க போறீங்க?"

நான் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் நான் கொண்டுபோன பக்கெட்டிலிருந்து தண்ணீர் மொண்டு, வாயைத் திரும்பத் திரும்பக் கொப்புளித்துத் துப்பினார்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. காரணத்தைத் தரகர் ஊர் முழுக்கச் சொன்னார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்து, "என்னா, பழம் பழுத்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அப்பா ரோஷம் வந்து அறையைக் காலிசெய்தார். "நாளையிலிருந்து எல்லாரும் இதுலதான்" என்று கத்திவிட்டு, மறுநாள் காலை அவரே சொம்போடு ஏரிக்கரைக்குப் போனார். அம்மாவும் போனாள். நான் போகவில்லை. சிரித்தவர்கள் முகத்தைப் புதரோரத்திலும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பட்டப்பகலில், தம்பிகள் கொல்லையில் விளையாடிக்கொண்டிருக்க, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டேன். வெளியே பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. முதன்முதலில் நெருப்பை மூட்டியவனைத் துணிச்சல்காரன் என்று பாடத்தில் எழுதுகிறார்கள். சுற்றி நின்றவர்கள் அவனை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அவனும் கூசிப்போயிருப்பான். வெளியே வந்தபோது தம்பிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் அடுப்படிக்கு வரக்கூடாது என்றாள் அம்மா. தினமும் அப்படியே தலைமுழுகி, சளி பிடித்து, ஈரக்கூந்தலோடு சமைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை முழுக்கச் சேறு. ஒரு விடியற்காலை நான் உள்ளே இருந்தபோது கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். திறந்தால், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் சொம்போடு அம்மா நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் வெளிய வாடி" என்றாள். நான் விலகி வழிவிட்டதும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு, அங்கிருந்தே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்கப்பங்கிட்டச் சொல்லிடாத."