சூடேறினால் நிற்கும் வண்டி

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தினகரனுக்குக் கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லிவிடுவான். இருபது வருஷமாக அது பலித்துப் பலித்துத் தலைக்கனமும் ஏறிவிட்டது. தெரியவில்லை என்று அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

பெருநகர் இருசப்பன் பழைய நூறு சிசி வண்டியில் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு தினமும் உத்திரமேரூருக்கு வருகிறவன். ஆயுத பூஜை முடிந்த வாரத்திலிருந்து வண்டி மக்கர் பண்ணியது. வீட்டில் ஒரே உதையில் கிளம்பும். பாதி வழியில், இன்ஜின் நன்றாகச் சூடேறியபின், திக்கித் திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரங்கட்டினால் மறுபடி ஓடும். தினகரன் பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான், காயிலையும் மாற்றிப் பார்த்தான். ம்ஹூம், வண்டி மசியவில்லை.

மூன்றாம் முறை இருசப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது எதிர் டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் கையை விரிக்கத் தினகரனுக்கு மனசு வரவில்லை. டேங்கைத் திறந்து முகர்ந்தான்.

"யோவ் இருசப்பா, மண்ணெண்ண வாசன வருது. உன் வண்டிய வேற யாரு எடுக்கிறாங்க?"

"தம்பிதான். சாயங்காலத்துல எடுத்துக்கினு போவான்."

"அப்போ அவனையே கேளு. பெட்ரோல உறிஞ்சிட்டு மண்ணெண்ணய ஊத்தி வெச்சிக்கீறான். சூடானா வண்டி நிக்காம இன்னா பண்ணும்?"

வாசனையாவது மண்ணாங்கட்டியாவது! சும்மா அடித்துவிட்டான். "கூட இருந்தே குழி பறிக்கிறான் பாரு" என்று டீக்கடையிலிருந்து ஒருவன் தாளம் போட்டான். இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

நாலு நாள் கழித்து அவனே திரும்பி வந்தான். "தம்பிய அறைஞ்சி வூட்ட வுட்டே தொரத்திட்டேன், மெக்கானிக்கு. டேங்க காலி பண்ணி பங்க்குல புதுசா போட்டேன். அப்பவும் நிக்குதே!"

தினகரன் அவனிடமிருந்து சாவியை வாங்கினான். இருசப்பனை டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு பெருநகர் சாலையில் போனான். ஊரைத் தாண்டி, வயல்கள் நடுவே, சொன்னபடியே அது திணறி நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. உதைத்தான்; உடனே பிடித்துக்கொண்டது. இன்ஜினில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அந்தச் சூட்டிலும் ஓடுகிறதே!

மூடியைப் புரட்டிப் பார்த்தான். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போவதற்கு அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அதைச் சந்தனம் அடைத்துக்கொண்டு கல்லாகக் காய்ந்திருந்தது. ஆயுத பூஜையன்று வாடிக்கை வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தவன் தினகரன்தான். மற்றதற்கெல்லாம் ஹெட்லைட்டில் வைத்தான். இருசப்பன் வண்டியில் ஹெட்லைட் உடைந்து கிடந்ததால் டேங்க் மூடியில் தாராளமாக அப்பியிருந்தான்.

நடுரோட்டில் அவனுக்குக் காது மடல் எரிந்தது. வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம். அதிலும் புத்தி போனதைப் பாருங்கள்: சுரண்டிவிட்டு, கார்புரேட்டரில் தூசி என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றுதான் முதலில் நினைத்தான். சுரண்டியும் விட்டான். ஆனால் திரும்பி வரும்போது வண்டி கொஞ்சமும் திணறாமல் ஓட ஓட, அவனுக்குத்தான் மூச்சு முட்டியது. வழியில் விசாரித்துக்கொண்டு நேராக அரிசி மில்லுக்கு விட்டான். துரத்தப்பட்ட தம்பி சின்னராசு அங்கேதான் மூட்டை தூக்கிக்கொண்டு, அங்கேயே படுத்துக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னுதுதான் சின்னராசு. நான் வெச்ச சந்தனம் மூடிய அடைச்சிக்கினு இருந்துச்சி. நீ ஒண்ணும் பண்ணல."

சின்னராசு முதுகு மூட்டையை இறக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நான் ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியாதாண்ணா? எங்கிட்ட வந்து சொல்ற. எங்க வெச்சி என்னத் திருடன்னு சொன்னியோ, அங்க போயி சொல்லு."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. ஆனாலும் அள்ளத்தானே போகவேண்டியிருக்கிறது! டீக்கடையில் இருசப்பனைச் சுற்றி அதே கூட்டம். கொஞ்சம் பேராவது எழுந்து போகமாட்டார்களா என்று தினகரன் நின்று பார்த்தான். ஒருத்தரும் அசையவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவன் தம்பி மண்ணெண்ண ஊத்தல. அன்னிக்கு வாசனயும் வரல. இன்னா கோளாறுன்னு எனக்குப் புரியல. அத்த சொல்ல மானக்கேடா இருந்துச்சி, அவன் மேல பழியப் போட்டேன். அடைச்சது நான் வெச்ச சந்தனம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தினகரன் இருசப்பனிடம் சாவியை நீட்டினான். திட்டுவான், நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். இருசப்பன் சாவியை வாங்கவில்லை.

"அவன் எங்க கீறான்?"

"மில்லுல."

இருசப்பன் எழுந்து இரண்டடி நடந்தான். பிறகு திரும்பினான். "நீ வெளியாளு, சொல்லிட்ட. கூடப் பொறந்தவன், நான் எப்படிய்யா நம்பினேன்?"

சொல்லிவிட்டு, வண்டியைத் தொடாமல், மில் பக்கம் நடந்தே போனான்.