பத்து விநாடி பொறுக்காத மைனஸ் ஒன்பது

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு புரோகிராமைக் கொன்றேன். அதிலிருந்து என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. அங்கே சுவரில் நானே எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு. ‘முதலில் சாதாரண கில். பத்து விநாடி பொறு. பிறகுதான் மைனஸ் ஒன்பது.’

விஷயம் இதுதான். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதைத் தேடிப் பிடித்து ‘கில்’ என்று கமாண்ட் கொடுத்தால், பெரும்பாலும் கைவேலையை முடித்து, விட்ட இடத்தைக் குறித்துவைத்துவிட்டுக் கிளம்பும். மைனஸ் ஒன்பது சேர்த்தால்... அந்த இடத்திலேயே காலி. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூட விடாது.

அன்று மதியம் அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கிற புரோகிராம் அசையாமல் நின்றுவிட்டது. மாலை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். மேனேஜர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு போன். “இன்னா சார், இன்னும் ஆவலையா?”

நம்பரைக் கண்டுபிடித்தேன். பத்து விநாடி — டீ ஆறக்கூடப் போதாத நேரம்! — பொறுத்தேனா? மைனஸ் ஒன்பது. மறுபடி ஓடவிட்டேன். ஸ்டிக்கர் சரசரவென்று வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு பேக்கிங் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா இரண்டு பெட்டிகளோடு வந்து நின்றார். இரண்டிலும் ஒரே நம்பர்.

“காலைல ஒட்டின நம்பரே திரும்ப வருது சார். நூத்தம்பது பெட்டிக்கு ஒட்டிட்டோம்.”

விட்ட இடத்தைக் குறிக்க நான்தான் விடவில்லையே. காலைக் கணக்கிலிருந்து அது மறுபடி ஆரம்பித்திருக்கிறது.

அதோடு போயிற்றா? அன்று ஐந்து மணிக்கு ஸ்டெல்லா அக்கா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாணியம்பாடியில் வீடு. கன்டெய்னர் போகிற நாளில் லீவு யார் கொடுப்பார்கள்? நான்கு மணிக்குக் கிளம்ப மேனேஜர் பர்மிஷன் கொடுத்திருந்தார். அதற்கும் நான் வேட்டு வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா நேராகப் போய் ஸ்டிக்கரை உரிக்க உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என்னோடு வேலை செய்கிற இம்ரானும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தோம். நகம் வலித்தது.

நான்கடிக்கப் பத்து நிமிடம். “நீங்க கிளம்புங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்றேன்.

“இருங்க சார். கைல இருக்கறத முடிச்சிட்டு, எதுவரைக்கும் ஆச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினார். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. இதைத்தானே அந்தப் புரோகிராமும் செய்திருக்கும், நான் கேட்டிருந்தால்?

கன்டெய்னர் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. திட்டு எனக்கு. மறுநாள் ஸ்டெல்லா அக்கா ஸ்வீட் டப்பாவோடு வந்தார். வீட்டுக்குள் நுழைந்து புடவை மாற்றவும், அவர்கள் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்ததாம். பெண்ணைப் பிடித்துவிட்டதாம்.

ஸ்வீட்டை வாயில் போட்டபடி சுவரைப் பார்த்தேன். என் தாளுக்குக் கீழே இம்ரான் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி:

‘ஒட்டியவரும் படிக்கவும்.’