இரண்டு சாமிகளும் ஒரு கிணறும்

மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. மஞ்சள் துணி உடுத்தியதிலிருந்து வீடு திரும்பி அதை அவிழ்க்கும்வரை ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லோரும் 'சாமி'தான். முறை சொல்லக் கூடாது, 'வாடா போடா' கூடவே கூடாது. ஒரு சாமி கேட்டால் இன்னொரு சாமி மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு சிவராத்திரிக்கு நாங்களும் கிளம்பினோம். கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார், அவர் தம்பியும் இருந்தார். பொதுக்கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்ற சண்டையில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகியிருந்தது. கிணறோ தூர்ந்துகொண்டே வந்தது. சேர்ந்து இறங்கித் தூர் வாரினால்தான் அந்தக் கோடைக்குத் தண்ணீர். யார் முதலில் வாயைத் திறப்பது? வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. மலைக்கு நடந்தாலும் என் வேண்டுதல் கிணற்றுக்குத்தான்.

விடிவதற்குள் பாப்பாரப்பட்டியைத் தாண்டினோம். பென்னாகரத்தில் புளியமரத்தடியில் களி உருண்டையை மோரில் கரைத்துக் குடித்துவிட்டு, ஒகேனக்கல் போகும் காட்டுச் சரிவில் இறங்கினோம். "உகே மாதப்பா!" என்று கத்திக்கொண்டே இறங்குவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெறுங்கால் கொதித்தாலும் மனசு குளிர்ந்து கிடந்தது.

"சாமி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். கல்யாணமாகி எனக்கு 'ங்க' கிடைத்தது அன்றுதான். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று காது கேளாதவள் மாதிரி நடந்தேன்.

பாதிச் சரிவில் அவர் காலில் வேலமுள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஊன்ற முடியவில்லை. முள்வாங்கி இருந்தது ஒரே ஒருவரிடம், கொழுந்தனாரின் அரைஞாண் கயிற்றில். எல்லோரும் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தோம். அவர் எதிரே இருந்த பாறையைப் பார்த்துக்கொண்டு, "யாராச்சும் ஒரு சாமி முள்ளெடுத்து வுடுங்க" என்றார்.

கொழுந்தனார் உட்கார்ந்து அண்ணன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிச்சா சொல்லுங்க சாமி."

"சொல்றனுங்க சாமி."

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் கலெக்டர் ஆபீசில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டதைக் கேட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. பொழுதோடு ஆற்றங்கரைக்குச் சேர்ந்தோம். மறுநாள் பரிசலில் அக்கரை போய் மலையேறினோம்.

ஊர் திரும்பித் துணியை அவிழ்த்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. அண்ணன் தெருவில் வந்தால் தம்பி காட்டுவழியில் போனார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் கிணற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

மறு வாரம் ஒரு நாள் காலையில் கொழுந்தனார் மண்வெட்டியும் கூடையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்.

"சாமி, கெணத்துல எறங்கலாங்களா?"

என் வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே வந்தவர் என்னிடம் கேட்டார்:

"என் மஞ்சத் துணிய எங்கடி வெச்ச?"