பேனாவால் போட்ட கோடு

என் அண்ணியை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. நாங்கள் வேலை பார்த்த பார்சல் கம்பெனியில் நாற்பது சைக்கிள்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் பார்த்துப் பச்சைச் சீட்டு கட்டி அனுப்புகிறவள் அவள். சீட்டு இல்லாத சைக்கிள் கேட்டைத் தாண்டாது. அண்ணனும் நானும் அங்கே ஓட்டினோம். வீட்டில் அவள் முகத்தில் விழிப்பது போதாதென்று வேலையிலும் அதே முகம்.

பிரேக் கட்டை உரசி உரசி ரிம்மின் பக்கச்சுவர் தேயும். எவ்வளவு தேய்ந்தது என்று காட்ட, சுவரைச் சுற்றி மெல்லிய பள்ளமாக ஒரு கோடு உண்டு. அது மறைந்தால் ரிம் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் கண்ணால் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அண்ணி கட்டைவிரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுப்பாள். நகம் தட்டினால் சீட்டு. வழுக்கினால் சக்கரத்தைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவாள். கெஞ்சினாலும் குதித்தாலும் மசிய மாட்டாள். போன வருஷம் ஒரு நாள் விட்டுக்கொடுக்கச் சொன்னேன். வீட்டு உறவை வீட்டோடு வைத்துக்கொள் என்று எல்லோர் முன்னாலும் மூக்கறுத்தாள்.

என்னுடையது மேட்டுத் தெரு ரூட். போகும்போது ஏற்றம், வரும்போது ஒரே இறக்கம். மதியத்தோடு வேலை முடிந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். என் முன்சக்கரத்தில் கோடு மறைந்துவிட்டது. புது ரிம் வர பத்து நாள் ஆகுமாம். அதற்குள் ரூட் கைமாறிவிடும், பிறகு அழுது புரண்டாலும் கிடைக்காது.

அந்த வாரம் பார்த்து, தேய்ந்த ரிம் ஒன்றின் விளிம்பு அண்ணியின் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. விரலில் பெரிய கட்டு. வேறு வழியில்லாமல் கண்ணால் பார்த்தே சீட்டு கட்டினாள். நான் விடுவேனா? கறுப்பு மார்க்கர் பேனாவைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிட்டேன். பழைய கோடு இருந்த இடத்திலேயே புதுக்கோடு. ரூட் முடிவதற்குள் பிரேக் அதை அழித்துவிடும், மறுநாள் காலையில் மறுபடி போடுவேன். இரண்டு நாளும் அவள் குனிந்து பார்த்துச் சீட்டைக் கட்டினாள். அவளை ஏமாற்றியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் சீட்டு வாங்கிய கையோடு எனக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, பார்சல் ஏற்றி நின்ற என் சைக்கிளில் அண்ணன் ஏறினான். உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வேன்.

"பாத்துப் போண்ணா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இறக்கத்தில் அவன் முதல்முறை பிரேக்கை அழுத்தியபோது ரிம்மின் சுவர் பிளந்து, டியூப் வெடித்து, சக்கரம் அப்படியே இறுகிவிட்டது. இடது கை மூன்று இடத்தில் முறிந்தது. இனி அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது என்றார் டாக்டர்.

சீட்டில் இருந்தது அண்ணியின் கையெழுத்து. மேனேஜர் உடைந்த ரிம்மை அவள் முன்னால் போட்டுக் காரணம் கேட்டார். அவள் அதைத் தடவிப் பார்த்ததும் விரலில் மை ஒட்டியது. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேலை நிலைத்திருக்கும், என் வேலை போயிருக்கும். நகம் வைக்காமல் சீட்டு கட்டியது தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தி அந்த விரலைக் காட்டினாள்.

"உங்க அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

பெரிய மனுஷித்தனம். போலீசில் பிடித்துக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் ஒற்றைக் கையால் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் பேசினான்.

"நாப்பது சைக்கிளப் பாத்தியே. புருஷன் ஏறுன ஒண்ண ஒழுங்காப் பாக்க முடியலயா உனக்கு?"

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

நான் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். போட்டாள்.