பாதிச் சீட்டு

எங்கள் அண்டி ஆபீஸ் கேட்டில் பூட்டுத் தொங்கிய அத்தனை நாளும் ஒப்பந்தத்தின் நகல் என் கைப்பையில்தான் இருந்தது. அண்டி என்றால் முந்திரிக்கொட்டை; அதை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூன்று வருடக் கூலி ஒப்பந்தத்தில் பாதிகூட முடியவில்லை. அதற்குள் முதலாளிக்குக் கூலி கூடுதலாகத் தெரிந்துவிட்டது. குறைத்துக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார். நாங்கள் போடவில்லை. மறுநாள் பூட்டு.

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, அதில் பேசி முடித்த கூலிக்காக முதலாளி கதவடைக்கக் கூடாது. நாங்களும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். சங்கத்தின் செயலாளர் என்று என்னைப் பிடித்துப் போட்டிருந்ததால், இதை விளக்கி விளக்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். முதலாளியோ, "கதவடைப்பே இல்லை, அவர்களாகத்தான் வரவில்லை" என்று தொழிலாளர் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அது எடுபட்டால் குற்றம் எங்கள் தலையில் விழும். என் பக்கத்தில் உட்கார்ந்து உடைப்பவரை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவேன்; அவருக்கு ஓய்வுபெற ஆறே மாதம். சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று முத்திரை குத்திவிட்டால் அவரது அத்தனை வருட சர்வீஸும் கேள்விக்குறி.

அதனால் தினமும் காலை எட்டு மணிக்குக் கேட்டின் முன் போய் நின்றோம். "அண்டி வரல்ல, போங்க" என்பார் வாட்ச்மேன். திரும்புவோம்.

சமரசப் பேச்சுக்கு இரண்டு பேரை வரச்சொன்னார் அதிகாரி. இரண்டு பேர் என்றால் எங்கள் ஆட்களுக்குப் புரியாது. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கவே வேன் பிடிக்கிறவர்கள். நாற்பத்திரண்டு பேரும் நல்ல சேலை உடுத்து நாகர்கோவிலுக்குக் கிளம்பினார்கள். தடுக்க வேண்டிய நானும் பெருமையாகத் தலையாட்டினேன். நாற்பத்து மூன்றாவது ஆளான மைனி மட்டும் வரவில்லை.

"பஸ்சுல ஏறினா எனக்கு ஓக்காளம் வரும் மக்கா. நீங்க போயிட்டு வாங்க."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உங்களுக்கே அக்கறை இல்லன்னா நாங்க யாருக்காவ போறோம்?" என்று கேட்டுவிட்டு, அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் இரண்டாவது பேச்சு. மானேஜர் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். கேட் விரியத் திறந்து கிடக்கிறது, வாசலில் ஆளில்லை. நாங்கள் கூண்டோடு நாகர்கோவிலில் இருந்த அதே நாள். இத்தனை நாளில் அன்று ஒரு நாள்தான் திறந்திருக்கிறார்கள். "ஒரு ஆளும் வேலைக்கு வரல்ல சார்" என்றார், முகம் மாறாமல்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருந்தால் இரண்டு நாளில் கொண்டு வாருங்கள்" என்றார் அதிகாரி.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மைனி வீட்டுக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஊர்ல இருந்தது நீங்க ஒருத்தர்தான். கேட்டு வரைக்கும் நடந்து போயிருக்கக் கூடாதா?"

"போனேனே."

"போனீங்களா?"

"கேட்டு தொறந்து கெடந்து. உள்ள போயி எனக்க எடத்துல இருந்தேன். மானேஜர் வந்து, அண்டி இல்ல, வீட்டுக்குப் போங்கன்னாரு. செரின்னு வெளிய வந்தா வாட்ச்மேன் விடல்ல. சீட்டு கேட்டாரு."

அந்தச் சீட்டு எங்களுக்கு ஒரு சனியன். ஐந்து மணிக்கு முன்னால் வெளியே போக, காரணம் எழுதி மானேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். பருப்பை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவோமாம். ஒரே விவரம் எழுதிய இரண்டு பாதியில் ஒன்றை வாட்ச்மேன் கிழித்து வைத்துக்கொள்வார். மறு பாதியை மறுநாள் காட்டினால்தான் உள்ளே விடுவார். இதை ஒழிக்கச் சொல்லி ஒவ்வொரு ஒப்பந்தப் பேச்சிலும் கத்தித் தோற்றவள் நான்.

"மறுநா கொண்டு போனேன். கேட்டு பூட்டிக் கெடந்து" என்று சோற்றுப்பாத்திரப் பையிலிருந்து மைனி எடுத்துத் தந்தார். அந்தத் தேதி. காரணம் என்ற இடத்தில் 'வேலை இல்லை'. கீழே மானேஜரின் கையெழுத்து.

"இத ஏன் மைனி எங்கிட்ட சொல்லல்ல?"

"நீ மொகத்தத் திருப்பிட்டுப் போனா நான் எப்படிச் சொல்லது?"

வெட்கமாக இருந்தது.

அதிகாரி சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு மானேஜரை நிமிர்ந்து பார்த்தார். இது கதவடைப்புதான், அதுவும் சட்டவிரோதமானது என்று வாய்விட்டே சொன்னார். திங்கட்கிழமை பழைய கூலிக்கே கேட் திறந்தது.

எல்லோரும் உள்ளே போனோம். திரும்பிப் பார்த்தால் மைனி மட்டும் வெளியே நிற்கிறார். வாட்ச்மேன் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குள்ள பாதிச் சீட்டு எங்க?"

"அது சர்க்கார் பைல்ல இருக்கு. வேணும்னா போயி வாங்கிக்கிடும்" என்று சொல்லி, மைனியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.